பாகாலா ஜங்ஷனில் ஒரு ரசிகர்



பாகாலா என்னும் ஊரை உங்களில் அநேகர் ரயில் பெட்டியின் ஜன்னல் வழியாக மாத்திரமே கண்டிருப்பீர்கள். காட்பாடியிலிருந்து சித்தூர் வழியாக வரும் பாதை அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று திருப்பதிக்கும் மற்றொன்று மதனப்பள்ளி, கதிரி வழியாகத் தர்மாவரத்திற்கும் செல்கிறது. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர் 2022இல் திருப்பதி மாவட்டத்தோடு சேர்க்கப்பட்டது. தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசப்படும் ஊர் அது. அங்கிருந்து பிழைப்பின் நிமித்தம் சென்னைக்கும் பெங்களூருக்கும் வந்து குடியேறியவர்கள் நம்முடைய சபைகளில் எத்தனையோ பேர் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வூரில் கர்த்தருக்குள் நித்திரையடைந்த பெரியவர் ஒருவருடைய நினைவுக் கூட்டத்தில் பேசும்படி என்னை அழைத்திருந்தார்கள். ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் இரட்சிக்கப்பட்ட விதம், ஞானஸ்நானம் பெற்றது, தசமபாகத்தில் உண்மையாயிருந்தது, ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து பாய் விரித்தது, இவை யாவற்றையும் நான் வரிசையாகச் சொன்னேன். ஜெபத்தோடே கூட்டம் முடிந்தது. காப்பி கொடுக்கப்பட்டபோது, ஸ்டேஷனுக்கு வெளியே டீக்கடை வைத்திருந்த முதியவர் ஒருவர், நம்முடைய விசுவாசத்தைச் சேராதவர், என்னருகில் வந்து, "ஐயா, எல்லாம் நன்றாகத்தான் சொன்னீர்கள். ஆனால் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. நீங்கள் வேறு யாரையோ பற்றிப் பேசுகிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்!" என்றார்.

வாசகரே, எனக்கு அது தெரியாததல்ல. தெரிந்தே விட்டுவிட்டேன். பிரசங்க மேடையில் பந்தும் மட்டையும் எதற்கு என்று எண்ணினேன். அன்று நான் சொல்லாமற்போனதை இப்பக்கத்தில் எழுதிவிடுகிறேன்.

பாயிண்ட்ஸ்மேன் வேலை எப்படிப்பட்டதென்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ரயிலைச் சரியான தடத்தில் திருப்பிவிடுவதும், பெட்டிகளை இணைத்துப் பிரிப்பதும், கொடியும் கைவிளக்கும் காட்டுவதும் அவ்வேலையைச் சேர்ந்தவை. இரவென்றும் பகலென்றும் பாராமல் மாறிமாறி வரும் முறை. கண் அயர்ந்தால் உயிர்ச்சேதம். அவர் தம்முடைய முறை முடிந்தால் நேரே வீட்டிற்குப் போகமாட்டார். டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றிக் கூலிக்காரரும், கடலை விற்பவரும், பள்ளி ஆசிரியரும் நிற்பார்கள். ஆங்கில வர்ணனையைக் கேட்டு, ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் தெலுங்கிலும் அவர் சொல்லிக்கொடுப்பார். சாதி பார்த்துத் தம்ளர் வைத்த காலத்திலும் அந்த வட்டத்தில் அது செல்லவில்லை. நம்முடைய சபைக்கு அவ்வூரில் எதிர்ப்பிருந்த நாட்களில், ஒரு முறை கூட்டத்திற்கு இடம் மறுக்கப்பட்டபோது, இடம் தந்தவர் இந்த வட்டத்தில் ஒருவர்தான். அதையும் நான் மேடையில் சொல்லியிருக்கவேண்டும்.

அவர் தம் வாழ்நாளில் டெஸ்ட் போட்டியை நேரில் கண்டது ஒரே முறை. 1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் சென்னை சேப்பாக்கத்தில் ஆடிய ஆட்டம். அது 18ஆம் தேதி வியாழக்கிழமை தொடங்கிற்று. மூன்று நாள் விடுப்பெடுத்துக்கொண்டு சென்றார். டீன் ஜோன்ஸ் என்னும் ஆட்டக்காரர் அந்த உஷ்ணத்தில் வாந்தியெடுத்துக்கொண்டே 210 ஓட்டங்கள் எடுத்ததைக் கண்ணாரக் கண்டார். ஆட்டம் முடிந்து ஜோன்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். சனிக்கிழமை இரவு இவர் ரயிலேறிவிட்டார். ஞாயிறு ஆராதனை, திங்கள் காலை டியூட்டி.

அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்ததென்று கிரிக்கெட் அறிந்தவர்கள் எவரும் சொல்வார்கள். 348 ஓட்டங்கள் எடுத்தால் வெற்றி என்ற நிலையில் இந்தியா 347இல் ஆட்டமிழந்தது. கடைசி ஓவரின் ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங் எல்பிடபிள்யூ ஆக, இரு அணிகளும் சமமாயின. டெஸ்ட் சரித்திரத்தில் அதற்கு முன் ஒரே ஒரு முறை, 1960இல் பிரிஸ்பேனில், அப்படி நிகழ்ந்திருந்தது. அதற்குப் பின் இன்றளவும் நிகழவில்லை. நம்முடைய பெரியவரோ அந்நேரம் பாகாலா யார்டில் கொடியோடு நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்காரர் தண்டவாளத்தைத் தாண்டி ஓடிவந்து செய்தி சொன்னார். அதற்காக அவர் வருத்தப்பட்டதுண்டா என்று கேட்டேன். "வருத்தமா? முப்பது வருஷம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாரய்யா" என்றார் அவர்.

இப்படிப்பட்டவர்களை உலகம் முழுவதும் நினைவுகூராமல் விட்டுவிடுவதில்லை. இலங்கையில் பெர்சி அபேசேகர என்றொருவர் இருந்தார். 1979ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பைப் போட்டி முதல் பல பத்தாண்டுகள் தேசக்கொடியை ஏந்தி இலங்கை அணியை உற்சாகப்படுத்தியவர். அன்று இலங்கைக்கு டெஸ்ட் தகுதியே கிடையாது. அது கிடைத்தது 1981இல்தான். தோல்விமேல் தோல்வி கண்ட அந்த ஆண்டுகளிலும் அவருடைய கொடி இறங்கவில்லை. 1996இல் அந்த அணி லாகூரில் உலகக் கோப்பையை வென்றது. எதிரணியாரையும் அவர் பரிகசித்ததைவிடப் பாராட்டியதே அதிகம். 2023 செப்டம்பரில் ஆசியக் கோப்பைக்காகக் கொழும்புக்கு வந்திருந்த இந்திய அணித் தலைவர் ரோகித் சர்மா, முதுமையால் வீட்டோடிருந்த பெர்சியை அவருடைய இல்லத்திற்கே சென்று கண்டார். அடுத்த மாதம் 30ஆம் தேதி, தமது 87ஆம் வயதில் பெர்சி மரித்தார். ஆட்டக்காரரின் வாசலில் ரசிகன் காத்துக் கிடப்பதே வழக்கம். இங்கே முறை மாறிற்று.

கொல்கத்தாவில் கிதிர்பூர் பகுதியில் வாழ்ந்த பன்னாலால் சட்டர்ஜியின் காரியம் இன்னும் எனக்கு நெருக்கமானது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1982இல் ஸ்பெயின் தொடங்கி 2018இல் ரஷ்யா வரை, பத்து உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டிகளுக்குச் சென்றுவந்தார். பணக்காரரல்லர். ஓய்வூதியத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து, வங்காளியின் தட்டில் இல்லாமலிருக்கக் கூடாத மீனையும் குறைத்துக்கொண்டு, நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புறப்படுவார். தனியாக அல்ல, மனைவி சைதாலியும் உடன் செல்வார். அந்தப் பத்துக்கும் இருவரும் சேர்ந்தே போனார்கள். 2019 டிசம்பரில் பன்னாலால் காலமானார்.

இதை வாசித்தபோது பாகாலாப் பெரியவருடைய மனைவியை நினைத்துக்கொண்டேன். நினைவுக் கூட்டம் முடிந்தபின் அந்தத் தாயாரிடம் கிரிக்கெட்டைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "ரேடியோவுக்குப் பேட்டரி வாங்குவதை ஒரு நாளும் மறக்கமாட்டார். சீனி வாங்குவதை மறந்துவிடுவார்" என்றார்கள். கோபமில்லை, ஆனால் சிரிக்கவுமில்லை. அவர்கள் ஒரு ஆட்டத்தையும் பார்த்ததில்லை. யாரும் அழைத்துப் போனதுமில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் கிடைத்த அந்த உற்சாகமான பேச்சு வீட்டிற்கு வரும்போது தீர்ந்துபோயிருக்கும். ஒரு மனிதரை முழுமையாக நினைவுகூருவதென்றால் இதையும் மறைக்கலாகாது என்று எண்ணுகிறேன். வீட்டார் மன்னிப்பார்களாக.

உங்களில் சிலர் சி. டி. ஸ்டட் அவர்களை எனக்கு நினைப்பூட்டக்கூடும். 1882இல் ஓவல் மைதானத்தில் இங்கிலாந்து 7 ஓட்டங்களில் தோற்ற ஆட்டத்தில் ஆடிய அவர், 1885இல் கிரிக்கெட்டை விட்டுச் சீன தேசத்திற்கு ஊழியத்திற்குச் சென்றார். பின்பு நமது உதகமண்டலத்திலும் சில ஆண்டுகள் சபையை நடத்தினார். அவர் விட்டது பெரியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்டட் மைதானத்தின் நடுவில் நின்றவர். ஒரு பாயிண்ட்ஸ்மேனிடம் விடுவதற்கு இருந்ததெல்லாம் சேப்பாக்கத்தில் இரண்டு நாட்கள். அவற்றை அவர் விட்டார். பந்தய ஓட்டத்தைக் குறித்து நிருபங்களில் எழுதிய பவுல் அப்போஸ்தலனும் மைதானத்தின் பக்கம் முகத்தைத் திருப்பாதவராய் இருந்திருக்கமாட்டார் என்பது என் சொந்த எண்ணம். இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளவேண்டாம்.

அவருடைய மகன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவரும் உங்களைப்போல ஊரைவிட்டு வந்தவர். போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, ஊர் வீட்டைக் காலி செய்கிறோம். அப்பாவின் பெட்டியில் நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. பிரசங்கக் குறிப்பு என்று நினைத்துத் திறந்தேன். ஒரு பக்கம் பிரசங்கக் குறிப்பு, மறுபக்கம் ஸ்கோர். எல்லா நோட்டும் அப்படியே இருக்கிறது. என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

பழைய காகிதக் கடைக்குப் போடவேண்டாம், அம்மாவிடம் ஒரு தரம் வாசித்துக் காட்டுங்கள், இரண்டு பக்கங்களையும், என்று சொன்னேன். சனிக்கிழமை போவதாகச் சொல்லியிருக்கிறார்.