பெட்டியில் வந்த தேனீ

தேனீ குறைகிறதா, பெட்டி பெட்டியாக வாங்கி விட்டால் போச்சு என்கிறவர்களை என்ன செய்ய மக்களே? முதலில் சிலி நாட்டைப் பார்க்கச் சொல்லணும்.

தக்காளிப் பூவில் மகரந்தம் லேசில் உதிராது. பம்பிள் தேனீ பூவைக் கவ்விக்கொண்டு, இறக்கையை அடிக்காமலே பறக்கும் தசையை மட்டும் அதிர வைக்கும். பொலபொலவென்று கொட்டும்! சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. இதற்காகத்தான் 1990களின் கடைசியில் சிலி ஐரோப்பிய பம்பிள் தேனீயை இறக்குமதி செய்தது. பசுமைக்குடிலுக்குள்ளேயே இருக்குமாம். பூச்சிக்கு ஏதுங்க கதவு?

2006-ல் ஆண்டிஸ் மலையைத் தாண்டி அர்ஜென்டினாவுக்குள் வந்துவிட்டது. (அந்த நாடு இறக்குமதிக்கு அனுமதியே கொடுக்கவில்லை, பாவம்.) கூடவே ஒரு ஒட்டுண்ணியும். அங்கே காலங்காலமாக இருந்த ஆரஞ்சு நிற படகோனிய பம்பிள் தேனீ, உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று, பல இடங்களில் கண்ணிலேயே படாமல் போனது. ஐ.யு.சி.என். அதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகச் சேர்த்துவிட்டது.

எந்த ஈயாக இருந்தால் என்ன, மகரந்தச் சேர்க்கை நடந்தால் சரிதானே என்பீர்கள். அதுவும் இல்லை சார்! படகோனியாவின் ராஸ்பெர்ரி தோட்டங்களில் வந்தேறித் தேனீக்கள் மொய்த்த மொய்ப்பில் பூவின் சூல்தண்டே உடைந்து, பழத்தில் மணிகள் குறைந்தன.

தக்காளி வியாபாரம் பண்ணுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு 'தேனீ பாதுகாப்பு' என்று மட்டும் பெயர் வைக்காதீர்கள்.