கன்றின் வேரைக் கவனிப்போம்

நெல் நாற்று பழுதானால் அடுத்த போகத்தில் ஈடுசெய்து கொள்ளலாம். எலுமிச்சைக் கன்றின் பழுது தெரியவரும்போதோ மூன்று நான்கு ஆண்டுகள் கடந்திருக்கும். உழைப்பும் கடன்தொகையும் மண்ணில் முடங்கியிருக்கும். ஆகையால் அங்கத்தினர்கள் நாற்றங்காலிலேயே கவனம் செலுத்துதல் அவசியமாகும்.

கன்று சோர்ந்து நின்றால் உரம் போதவில்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு எப்போதும் சரியாகாது. அமெரிக்காவில் ஆரஞ்சு, எலுமிச்சை இன நாற்றங்கால்களில் நோய்க்கிருமிகளை ஒழிக்க மண்ணுக்கு நச்சுப்புகை ஊட்டி வந்தனர். நோய் ஒழிந்தது; ஆனால் கன்றுகள் குறுகி நின்றன. மண்ணில் நஞ்சு தங்கிவிட்டதோ என ஐயுற்றனர். 1972-ஆம் ஆண்டில் கிளைன்ஷ்மிட், கெர்டமன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் உண்மையை வெளியிட்டனர். தீய கிருமிகளோடு வேருக்கு உதவும் பூசணமும் மடிந்ததே காரணம். அதனை மீண்டும் சேர்த்த மண்ணில் கன்றுகள் தழைத்தன.

வேர் உட்பூசணம் அல்லது ‘வாம்’ எனப்படுவது இதுவே. மணிச்சத்து மண்ணில் எளிதில் இடம்பெயராது. அருகிலிருப்பதை உறிஞ்சிய வேருக்குச் சற்று அப்பாலிருப்பது எட்டுவதில்லை. பூசணத்தின் மெல்லிழைகள் அங்கே பரவி மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொணர்கின்றன; கன்று தான் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கை அதற்கு ஈடாக அளிக்கிறது. இழையின் அருமை நம் நெசவாளருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

சூப்பர் பாஸ்பேட்டை மிகுதியாகக் கொட்டினால் வேரில் இப்பூசணம் பற்றுவது குறைந்துவிடும். உரமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. மண்ணைப் பரிசோதித்து அளவோடு இடுக என்கிறோம்.

இப்பூசணம் உயிருள்ள வேரின் துணையின்றிப் பெருகாது. ஆகவே நம்பத்தக்க வேளாண்மை நிலையத்தில் மூலவித்தைப் பெற்று, தூய்மை செய்த மண்ணில் மக்காச்சோளத்தோடு வளர்த்து, வேரை நறுக்கி மண்ணுடன் கலந்து பயன்படுத்தலாம். அது விதையின் கீழோ நாற்றின் வேரிலோ படவேண்டும். மேலே தூவுவது வீண். அச்சமயம் பூசணக்கொல்லி மருந்தை மண்ணில் ஊற்றலாகாது.

தனி விவசாயிக்கு இது சிரமம்; சங்கத்துக்கு எளிது. சத்து மிகுந்த மண்ணில் இதன் பயன் சிறிதளவே தெரியும். எனவே முதலில் ஒரே மண்ணில் இரு பாத்திகள் அமைத்து, ஒன்றில் மட்டும் பூசணமிட்டு, அங்கத்தினர் யாவரும் பார்வையிடச் செய்யலாம். அடுத்த மகாசபை இதனை ஆலோசித்து முடிவு செய்வதாக. கன்றை விற்கும் சங்கம் அதன் வேருக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.