எட்டு நாள் கதை

பூமணியின் ‘வெக்கை’ 1982இல் வெளிவந்த சின்ன நாவல். அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டு, 15 வயதுச் சிதம்பரம் தன் அய்யாவோடு காட்டில் மறைந்து திரியும் எட்டு நாள்தான் கதை. 2019இல் வெற்றிமாறன் அதை ‘அசுரன்’ ஆக்கினார். தேசிய விருதும் வாங்கியது. ஆனால் தகப்பனின் பழைய கதையையும் சேர்த்துச் சொன்ன படத்தில், இருவரும் பொங்கித் தின்று, படுக்க இடம் தேடி, பேசிப் பேசி நெருங்கும் பொழுதுகள் சுருங்கிப்போயின. கரிசல்காட்டு வாசகருக்கு நாவலின் உயிரே அங்கேதான்.

எட்டு அத்தியாய இணையத் தொடரில் அந்தப் பொழுதுகளுக்கு இடம் உண்டு. 2023இல் ஜீ5இல் வந்த ‘அயலி’யைப் பாருங்கள். பெண் வயதுக்கு வந்ததும் படிப்பை நிறுத்திக் கட்டிக்கொடுக்கும் புதுக்கோட்டைப் பக்கத்து ஊர். தான் பெரியவளானதை மறைத்துப் பள்ளிக்கூடம் போகிறாள் ஒருத்தி. அந்தப் பொய்யைக் காப்பாற்ற அவள் அன்றாடம் படும் பாடு, எட்டு அத்தியாயத்துக்கும் போதுமானதாக இருந்தது.

மற்றபடி இணையத் தொடர்த் தளங்களுக்குப் பிடித்தது துப்பறிதல். ‘சுழல்’, ‘விலங்கு’, ‘வதந்தி’ மூன்றுமே 2022இல் வந்தவை. காணாமல்போன பெண்ணோ கிடைத்த பிணமோ இல்லாமல் அவற்றில் கதை நகராது. ‘வெக்கை’யிலும் கொலை உண்டு. கொன்றவன் யார் என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் வாசகரைக் கட்டிப்போடுகிறாரே, அதுதான் பூமணியின் கெட்டிக்காரத்தனம்.

விருதுநகர் அரசியலைச் சொன்ன ‘செங்களம்’ தொடர் இந்தக் கரிசல் வட்டாரத்துக்கு வந்தது உண்மை. அதன் அக்கறை பதவிச் சண்டையோடு நின்றுவிட்டது. மானாவாரிக் காடும் தீப்பெட்டி ஆபீஸும் இன்னும் காத்திருக்கின்றன.

கொங்கு நாட்டார் காத்திருக்கவில்லை. கோவையின் ‘நக்கலைட்ஸ்’ இளைஞர்கள் தங்கள் பேச்சு மாறாமல் ‘அம்முச்சி’ தொடரை எடுத்து 2020இல் யூடியூபில் விட்டார்கள். இரண்டாம் பருவம் ஆஹா தளத்துக்கே போனது. எழுத்தாளர்கள் கி.ராவும் கு.அழகிரிசாமியும் இடைசெவலில் பிறந்த இந்தக் கரிசல் மண்ணில், கேமராவும் கதையும் உள்ள பிள்ளைகளுக்கு இந்த வழி திறந்தே கிடக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. உருளைகுடிக் கண்மாயைச் சொல்லும் சோ.தர்மனின் ‘சூல்’ போன்ற நாவலை ஒரே மூச்சில் படம்பிடித்துவிட முடியாது. புரட்டாசி விதைப்பும், ஐப்பசி மழையில் காலைப் பிடிக்கும் சகதியும், சித்திரையில் வாய்பிளக்கும் நிலமும் அதற்கு வேண்டும். படக்குழு ஒரே வருஷத்தில் மூன்று தடவையாவது இங்கே வந்தாக வேண்டும்.