பிள்ளைகளின் தரவு ஓர் அமானிதம்



பல்கலைக்கழகங்களின் மாணவர் முகாமைத்துவ சிஸ்டத்தை வளாகத்து சேர்வர் அறையிலிருந்து எடுத்து, வெளியே ஒரு நிறுவனம் பராமரிக்கும் கிளவுட்டுக்கு மாற்றலாமா என்ற பேச்சு வந்தால், "அது பெரிய ஆக்கள் பார்க்கிற வேலை" என்று நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் நம் பிள்ளைகளின் பதிவு, பாடத் தெரிவு, பரீட்சைப் பெறுபேறு எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

நம்மிடம் படித்த ஒரு பிள்ளை. அந்த லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பதிவு முடியும் நாளில் தகப்பனோடு டவுனுக்கு வந்து, கொமியூனிகேஷன் கடை பூட்டும்வரை காத்திருந்தார். பக்கம் திறக்கவே இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் நுழைந்தால் ஒற்றை சேர்வர் தாங்காது. விடியப்புறம் மூன்று மணிக்கு, ரீலோட் போட்ட போனில்தான் வேலை முடிந்தது. தகப்பனுக்கு ஒரு நாள் பேர் போனது.

ஆகவே மாற்றத்தை நாம் ஆதரிக்கிறோம். கிளவுட்டில் நெரிசல் நாளுக்கு மட்டும் பலத்தைக் கூட்டலாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனதை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வளாகத்து ஜெனரேட்டரை மட்டும் நம்பியிருக்கவும் தேவையில்லை.

ஆனால் கிளவுட் என்றாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் லங்கா அரச கிளவுட் மீது கப்பம் கேட்கும் வைரஸ் தாக்குதல் நடந்தது. சிஸ்டத்தை விரைவாகவே மீட்டார்கள். ஆனால் சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு திரும்பவில்லை. இணைப்பிலேயே இருந்த பெக்கப்பும் சேர்ந்து பூட்டப்பட்டது. தனியாக எடுத்து வைத்த பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. மென்பொருளும் பழைய பதிப்பு. இதே இடத்தில் ஒரு பிள்ளையின் இறுதியாண்டுப் புள்ளிகள் இருந்திருந்தால்?

மாற்றும்போது பெற்றோரும் மாணவர் சங்கங்களும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். பெக்கப் வேறோர் இடத்தில், இணைப்பில்லாமல் இருக்கிறதா, அதிலிருந்து மீட்டுப் பார்த்திருக்கிறார்களா? இரவில் சிஸ்டம் விழுந்தால் பிள்ளை யாரை அழைப்பது, தமிழில் பேசலாமா? ஒப்பந்தம் முடிந்தால் தரவு முழுதாகப் பல்கலைக்கழகத்திடம் திரும்புமா?

தகுந்த பாதுகாப்பு உள்ளவரிடமே தரவை ஒப்படைக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சேர்வரைப் பராமரிப்பது யாராக இருந்தாலும், அமானிதம் பல்கலைக்கழகத்தின் கையில்தான்.

நம் பங்கும் உண்டு. பதிவு முடிந்ததும் ஒரு பிரின்ட் எடுத்து, பிறப்புச் சான்றிதழ் இருக்கும் அதே பைலில் வையுங்கள். பெறுபேறு வந்தால் அதையும் வையுங்கள். இந்த வருடம் வளாகம் போகும் பிள்ளை உள்ள வீடுகளுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.