புயலுக்குப் பின் வீட்டு இன்ஷூரன்ஸும் வீட்டின் மதிப்பும்: எமது சங்கத்தின் நிலைப்பாடு

புளோரிடா மாநிலத்தில் சொந்த வீட்டில் குடியிருப்போரின் சார்பில் பேசும் எமது சங்கம், சூறாவளிக்குப் பின் எழும் இன்ஷூரன்ஸ் விவகாரங்களையும் வீடுகளின் கிரய மதிப்பையும் பற்றிப் பின்வரும் அபிப்பிராயத்தைப் பொதுமக்கள் முன் வைக்கிறது. வீட்டுக்குள்ள அபாயத்தை மறைத்து அதன் மதிப்பைக் காப்பாற்ற முடியாது. பிரீமியமும், நஷ்ட ஈடும், விற்பனை ஒப்பந்தமும் அந்த அபாயத்தை உள்ளபடி சொல்லவேண்டும். சர்க்காரின் உதவி, பிரீமியத்தைச் செயற்கையாகக் குறைப்பதற்கன்றி வீடுகளைப் பலப்படுத்துவதற்கே செலவாகவேண்டும்.

1992 ஆகஸ்டு 24-ல் மயாமி நகருக்குத் தெற்கே கரையேறிய ஆண்ட்ரூ புயல் பல இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைத் திவாலாக்கிய பின்னரே, கம்பெனிகளுக்குத் துணைநிற்கும் பேரிடர் நிதியை மாநிலம் மறு ஆண்டில் ஏற்படுத்தியது. 2002-ல், வேறெங்கும் பாலிசி கிடைக்காதவர்களுக்குக் கடைசிப் புகலிடமாகச் சிட்டிஸன்ஸ் என்னும் பொது ஸ்தாபனத்தையும், அதே ஆண்டு மார்ச்சில் மாநிலம் முழுமைக்குமான கட்டட விதிகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கட்டட விதிகளால் வந்த நன்மையில் எமக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பொது ஸ்தாபனத்தின் கையிருப்பு ஒரு பெரும்புயலுக்குப் போதாமற்போனால், குறையை நிரப்ப ஏனைய பாலிசிதாரர்கள்மீதும், கார் இன்ஷூரன்ஸ் மட்டுமே எடுத்தவர்மீதும்கூட, தீர்வை விதிக்கச் சட்டம் இடங்கொடுக்கிறது. ஆகவே, அபாயத்துக்குத் தகாத மலிவான பிரீமியம், கடலோரத்துச் சுமையை உள்நாட்டுச் சாமானியன் தோளுக்கு மாற்றுகிறதேயன்றி, அதைக் கடுகளவும் குறைப்பதில்லை.

நஷ்ட ஈட்டின் நிலையோ இதனினும் சிக்கலானது. சாதாரண வீட்டுப் பாலிசி காற்றால் வந்த சேதத்தை ஏற்கும், வெள்ளத்தை ஏற்காது. வெள்ளத்துக்கென 1968-ல் தோன்றிய தேசியத் திட்டம் குடும்ப வீடொன்றின் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையிலும், உடைமைகளுக்கு 1,00,000 டாலர் வரையிலும்தான் பொறுப்பேற்கும். பொதுவாக, பாலிசி எடுத்து 30 நாள் கழிந்தே அது அமலுக்கு வரும். 2022 செப்டம்பர் 28-ல் இயன் புயல் கரையேறியபோது, போர்ட் மையர்ஸ் கடற்கரையில் கூரையைக் காற்றும் சுவரைக் கடலும் ஒரே நாளில் பெயர்த்தன. எது எதனால் இடிந்தது என்று நிரூபிக்கும் பாரம், வீட்டை இழந்து நின்ற குடும்பங்களின் தலையில் விழுந்தது. மேலும், சூறாவளிக்கென்றே தனியாகக் கழிக்கப்படும் முதற்பங்கு பெரும்பாலும் வீட்டுக்குச் செய்த இன்ஷூரன்ஸ் தொகையில் நூற்றுக்கு இரண்டு முதல் பத்து வரை அமைவதால், 4,00,000 டாலர் வீட்டுக்கு ஐந்து சதவீதம் என்று கையெழுத்திட்டவர், முதல் 20,000 டாலரைத் தாமே தேடவேண்டியவராகிறார்.

மதிப்பின் பிரச்சினை இங்கேதான் பிறக்கிறது. வெள்ள அபாய மண்டலத்தில், பழுதுபார்க்கும் செலவு, நிலத்தை நீக்கிக் கட்டடத்துக்கு மட்டும் புயலுக்கு முன் இருந்த மதிப்பில் பாதியை எட்டினால், தற்கால விதிப்படி வீட்டை உயர்த்திக் கட்டியாகவேண்டும். விதி நியாயமானதே, எனினும், மனை விலையுயர்ந்தும் கட்டடம் பழையதாயும் உள்ள எளிய குடும்பங்களே முதலில் இதில் அகப்படுகின்றன, உயர்த்துவதற்கென வெள்ளப் பாலிசி தரும் தொகையோ 30,000 டாலரைத் தாண்டாது. வீட்டுக்கடன் தரும் வங்கிகள் பாலிசியின்றிக் கடன் தராத காரணத்தால், பிரீமியம் உயரும் தெருவில் வாங்குவோர் அருகி, ரொக்கத்தோடு வருபவர் சொன்னதே விலையாகிறது.

எனவே நாங்கள் கோருவன நான்கு. முதலாவது, காற்றையும் வெள்ளத்தையும் ஒரே பாலிசியில் அடக்கும் வசதி எல்லோருக்கும் கிட்டவேண்டும். அது வரும்வரை, இரு தரப்பும் ஏற்கும் ஒரே மதிப்பீட்டாளர் சேதத்தைப் பார்வையிடவேண்டும். இரண்டாவது, 2022 டிசம்பரில் இயற்றிய சட்டம் உரிமையாளர் கிளெய்ம் கொடுக்க ஓராண்டும், கம்பெனி பணம் தரவோ மறுக்கவோ 60 நாளும் கெடுவாக வைத்திருப்பதால், இவ்விரு கெடுக்களும் சமமான கண்டிப்போடு அமலாகவேண்டும். மூன்றாவது, உரிமையாளர் போடும் ஒரு டாலருக்கு இரண்டு டாலராக, 10,000 டாலர் வரை தந்து கூரையையும் ஜன்னலையும் பலப்படுத்த உதவும் மாநிலத் திட்டத்துக்கு நிலையான நிதி ஒதுக்கவேண்டும். பலப்படுத்திய வீட்டுக்குரிய பிரீமியத் தள்ளுபடியைக் கம்பெனிகள் தாமே முன்வந்து தெரிவிக்கவேண்டும். நான்காவது, முந்தைய வெள்ளக் கிளெய்முகளை விற்பவர் எழுத்தில் தெரிவிக்கவேண்டும் என 2024 அக்டோபர் முதல் உள்ள விதி, காற்றுச் சேதத்துக்கும் தீராத கிளெய்முகளுக்கும் விரியவேண்டும்.

இப்படி வெளிப்படையாகச் சொன்னால் வீட்டு விலை சரியுமே என்று எமது அங்கத்தினரிலேயே சிலர் ஆட்சேபிக்கின்றனர். சில வீடுகளின் விலை குறையலாம்; அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் மறைத்துப் பெற்ற விலை, அடுத்த புயலில் வாங்கியவரின் சேமிப்பிலிருந்து வசூலாகும் கடனே. உயர்த்திக் கட்டிப் பலப்படுத்திய வீட்டுக்கு உரிய கூடுதல் மதிப்பும், பலவீனமான வீட்டின் குறை தெரிந்தால்தான் சந்தையில் கிட்டும். அங்கத்தினர் ஒவ்வொருவரும் புயற்பருவம் தொடங்கும் ஜூன் முதல் தேதிக்கு முன்னரே தம் பாலிசியின் முதற்பங்கையும் வெள்ளப் பாலிசியின் நிலையையும் சரிபார்த்து, வீட்டைப் புகைப்படமெடுத்து வைப்பதும், விற்கும்போது உண்மையைச் சட்டம் கேட்பதற்கு முன்பே சொல்வதும் தம் கடமையெனக் கொள்ளுமாறு வேண்டுகிறோம்; கம்பெனிகளிடமும் சர்க்காரிடமும் நேர்மையைக் கேட்கும் தகுதி அதனால்தான் எமக்கு உண்டாகும்.