சீம்பால் குட்டிக்குத்தான்!



நம்ம பல்லடம் பக்கத்தில் தறி ஓட்டுகிற வீட்டு வாசலில்கூட நாலு வெள்ளாடு கட்டியிருக்கும். ஆனால் ஆடு குட்டி போட்டதும் பெரியவங்க செய்கிற ஒரு காரியம் எனக்குப் பிடிக்கவே இல்லை. "நஞ்சு விழுகட்டும், அப்புறம் பால் விடலாம்" என்று குட்டியைப் பிரித்துக் கூடையில் கவுத்து விடுகிறார்கள். நஞ்சுக்கொடி விழுவதற்குச் சில சமயம் அஞ்சாறு மணி நேரம்கூட ஆகும். அதுவரைக்கும் குட்டி கத்திக்கொண்டே கிடக்க வேண்டுமா?

இது தவறு என்பது என் கருத்து. மனுசக் குழந்தைக்கு வயிற்றில் இருக்கும்போதே அம்மாவிடமிருந்து நோய் எதிர்ப்பு சக்தி கொஞ்சம் வந்துவிடும். ஆட்டுக்குட்டிக்கு அப்படி வராது. சீம்பாலில் இருந்துதான் வர வேண்டும். அதையும் குட்டியின் குடல் முதல் ஒரு நாள்தான் அப்படியே உறிஞ்சும். நேரம் போகப் போக அதுவும் குறைந்துகொண்டே வரும். அதனால் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்க விட வேண்டும். 2 கிலோ எடையுள்ள குட்டிக்கு முதல் நாளில் 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர், நாலஞ்சு தடவையாகப் போகணும்.

இன்னொன்றையும் கேளுங்க. குட்டி மடியை முட்டி முட்டிக் குடித்தால்தான் தாயின் கர்ப்பப்பை சுருங்கி நஞ்சு சீக்கிரம் விழும். நாம் செய்வது அப்படியே தலைகீழ்! (12 மணி நேரம் ஆகியும் விழாவிட்டால் டாக்டரைத்தான் கூப்பிடணும். கையால் இழுக்கவே கூடாது.)

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுங்க என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் ஆட்டுக்குட்டி மட்டும் பட்டினி!

தாய் ஆட்டையும் பார்த்துக்கணும். தலையீத்து ஆடு சில நேரம் குட்டியை உதைக்கும். குட்டியை அது நக்கட்டும், வாசம் பிடித்தால்தான் சேர்த்துக்கொள்ளும். காம்பை ரெண்டு பீச்சு பீச்சி அடைப்பை எடுத்துவிட்டுக் குட்டி வாயில் வைக்கணும். தலைச்சேரி ஆடு மூணு குட்டிகூடப் போடும், காம்போ ரெண்டுதான். சின்னக் குட்டியை நாமதான் பிடித்து ஊட்டணும்.

ஒரு குட்டிதானே என்று சொல்லாதீங்க. எங்க அக்காவுக்குக் காலேஜ் பீஸ் கட்டியது ரெண்டு கிடாய் விற்ற பணத்தில்தான்.

வகுப்பில் "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று திட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். நம்ம மாவட்டத்தில் உடுமலைப்பேட்டையில் 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கினாங்க. ஆட்டைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் படித்து முடிக்க அங்கே ஐந்தரை வருசம் ஆகும்!

எங்க வீட்டில் இப்போ குட்டி விழுந்த கையோடு பால் குடிக்க விடுகிறோம். அம்மிச்சி மட்டும் இன்னமும் "நஞ்சு விழுந்துச்சா கண்ணு?" என்றுதான் முதலில் கேக்குது.

- 9ஆம் வகுப்பு மாணவி