கறுப்பு மண்ணெல்லாம் கரிமண் இல்லை!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பைப் பார்த்தால் கார்பன் நிறைந்த மண் என்றே தோன்றும். உண்மை வேறு. கரிசலில் அங்ககக் கார்பன் பெரும்பாலும் 1 சதவீதத்துக்கும் குறைவு. வெயிலும் காற்றும் படும் மண்ணில் இலைதழை சீக்கிரம் மக்கி, கார்பன் காற்றில் கலந்துவிடும்.

இதற்கு நேர் எதிர், ‘பீட்’ எனும் சதுப்பு மண். வருடம் முழுக்கத் தண்ணீர் தேங்குவதால் உள்ளே ஆக்சிஜன் போகாது. இலையும் வேரும் பாதி மக்கியபடியே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேரும். நம் நீலகிரியிலும் இது உண்டு. அந்த பீட்டை ஆராய்ந்து, 20,000 ஆண்டுகளில் தட்பவெப்பம் மாறிய கதையை ஆர்.சுகுமார் உள்ளிட்ட இந்திய விஞ்ஞானிகள் 1993-ல் வெளியிட்டார்கள்.

ஆனால், உலகின் மிகப்பெரிய வெப்பமண்டல பீட் நிலம் ஆப்பிரிக்காவின் காங்கோ படுகையில் இருப்பது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் தெரியவந்தது. சாட்டிலைட் படத்தில் மரமும் தண்ணீரும் தெரியும். அடியில் என்ன மண், எவ்வளவு ஆழம் என்பது தெரியாது. அதனால் 2012-லிருந்து கிரேட்டா டார்கி, சைமன் லூயிஸ் குழுவினர் உள்ளூர்க்காரர்கள் துணையோடு சேற்றில் நடந்தார்கள். கையால் துளையிட்டு மண்ணை எடுத்தார்கள். சில இடங்களில் பீட் கிட்டத்தட்ட 6 மீட்டர் ஆழம்!

2017-ல் வரைபடம் வெளியானது. பரப்பு 1,45,500 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைவிடப் பெரிது. உள்ளே சுமார் 3,000 கோடி டன் கார்பன். உலகமே மூன்று ஆண்டுகள் நிலக்கரி, பெட்ரோல், டீசல், எரிவாயு எரித்து வெளியேற்றும் அளவு. மேலும் பல இடங்களில் நேரில் அளந்தபின், 2022-ல் பரப்பு 1,67,600 சதுர கிலோமீட்டர் எனத் திருத்தப்பட்டது.

இந்தக் கணக்கு ஏன் முக்கியம்? வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டால் பீட் காய்ந்து தீப்பிடிக்கும். இந்தோனேசியாவில் அதுதான் நடந்தது. 2015-ல் அந்தப் புகை சிங்கப்பூர், மலேசியா வரை மூச்சுத்திணற வைத்தது. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்?

கரிசல் விவசாயிகளுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. நிறத்தை வைத்து மண்ணை எடைபோட முடியாது. தோண்டி எடுத்து அளக்க வேண்டும். உங்கள் மண்வள அட்டையில் அங்ககக் கார்பனுக்கென்று ஒரு வரி இருக்கும். அது குறைவாக இருந்தால் அறுவடைக்குப்பின் தட்டையைக் கொளுத்தாதீர்கள். மடக்கி உழுங்கள், தொழுவுரம் போடுங்கள்.